ஒரு டாலர் வாடகை

நியூயார்க் நகரில், லஃபயெட் தெருவின் 425ஆம் எண் கட்டடம் 1854இல் ஆஸ்டர் நூலகமாகத் திறக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்களுக்கு உதவும் சங்கத்தின் அலுவலகமாக இருந்தது. 1960களின் நடுவில் இடிபடும் நிலையில் இருந்த அந்தக் கட்டடத்தை ஜோசப் பாப் என்ற நாடகக்காரர் தம் குழுவுக்காக வாங்கினார். பழைய வாசிப்புக் கூடங்களை ஒவ்வொன்றாக அரங்குகளாக மாற்றத் தொடங்கியபோது கடன் குழுவை மூழ்கடிக்கும் அளவுக்கு ஏறியது. 1971இல் நகர அரசு 26 லட்சம் டாலருக்கு அந்தக் கட்டடத்தை வாங்கி, அதே குழுவுக்கு ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்கு விட்டது. அந்தக் குழு பப்ளிக் தியேட்டர் என்ற பெயரில் இன்றும் அங்கேதான் இயங்குகிறது. இந்த 1 டாலர் வாடகையை மையமாக வைத்துத்தான் இன்றைய உரையை அமைத்திருக்கிறேன். லாப நோக்கமற்ற நாடகக் குழுக்களுக்கு ஒரு நகரம் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பதே வழக்கம். எதைக் கொடுக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். நகரத்தின் கையில் இருப்பவற்றில் நாடகத்துக்கு அதிகம் பயன்படுவது இடம். ரொக்கமும் வேண்டும், ஆனால் அதற்கு அடுத்தபடியாக. இடத்தைக் கொடுத்த பிறகு, அந்த இடத்தில் என்ன பேசப்படுகிறது என்பதில் கைவைக்காமல் இருக்கும் கட்டுப்பாடும் நகரத்துக்கு வேண்டும்.

நல்ல நாடகம் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளாதா என்ற கேள்வி முதலில் எழும். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1966இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை சொல்லிவிட்டது. நெசவாலையில் ஒரு தொழிலாளி மணிக்கு நெய்யும் துணி நூறு ஆண்டுகளில் பல மடங்கு பெருகியிருக்கிறது. அதனால் அவர் கூலி உயர்ந்தாலும் துணியின் அடக்கவிலை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஹாம்லெட் நாடகத்துக்கோ 1600இல் எத்தனை நடிகர் தேவைப்பட்டார்களோ ஏறக்குறைய அத்தனை பேர்தான் இன்றும் தேவை. அதே நேரம்தான் ஓடும். நடிகரும் மற்றவர்களைப் போல அதே ஊரில் அரிசி வாங்கி, அதே ஊரில் வீட்டு வாடகை கட்ட வேண்டியிருப்பதால் அவருடைய கூலி மட்டும் பழைய இடத்தில் நிற்க முடியாது. ஆக, குழு எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் செலவு ஏறிக்கொண்டே போகும். டிக்கெட் விலையை அதே வேகத்தில் ஏற்றினால் வசதி உள்ளவர்கள் மட்டும் உட்காரும் கூடமாக அரங்கு மாறிவிடும். நஷ்டத்தைத் திறமைக்குறைவின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இது தொழிலின் இயல்பிலேயே உள்ள பள்ளம். யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.

அதை ஏன் நகரம் நிரப்ப வேண்டும்? மத்திய அரசும் மாநில அரசும் அறக்கட்டளைகளும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். குழுவின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் காரணம் தெரியும். நடிகர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், குறைத்துக்கொள்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. உடைகளைக் கடன் வாங்கலாம். அரங்கப் பொருள்களைப் பழைய நாடகத்திலிருந்து எடுத்துத் தட்டி ஒட்டலாம். வாடகையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நகரம் செழிக்கச் செழிக்க அது ஏறும். இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. யாரும் எட்டிப்பார்க்காத தெருவில் மலிவு வாடகைக்கு ஒரு குழு இடம் பிடிக்கிறது. நாடகம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் உணவகம் திறக்கிறது. தெருவுக்கு ஒரு பெயர் வருகிறது. மனை விலை ஏறுகிறது. முதலில் வெளியேற்றப்படுவது அந்தக் குழுதான். தெருவின் மதிப்பை உயர்த்தியவர்கள் அந்த மதிப்பாலேயே துரத்தப்படுகிறார்கள். ஏறிய மதிப்பில் ஒரு பங்கு சொத்து வரியாக நகரத்தின் கருவூலத்துக்கு வருகிறது. பிற அரசுகளிடமும் பணம் உண்டு என்றாலும் தெருவும் பூங்காவும் வரி பாக்கியில் கைக்கு வந்த கட்டடங்களும் நகரத்திடம்தான் இருக்கின்றன. நாடகக் குழுவை நசுக்கும் அதே பொருள் நகரத்தின் கிடங்கில் இருப்பதால் உதவியும் அங்கிருந்து வருவதுதான் பொருத்தம்.

நியூயார்க் இந்த முறையை ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. 1869இல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஓர் ஏற்பாடு உருவானது: நிலமும் கட்டடமும் நகரத்துடையவை, உள்ளிருக்கும் சேகரிப்பும் நிர்வாகமும் தனியார் அறங்காவலர்களுடையவை. நாடகத்துக்கு அந்த வழி திறந்தது 1943இல். மேற்கு 55ஆம் தெருவில் ஷ்ரைனர் என்ற சங்கத்தார் 1920களில் கட்டிய மெக்கா டெம்பிள் என்ற பெரிய மண்டபம் வரி பாக்கிக்காக நகரத்தின் கைக்கு வந்திருந்தது. மேயர் ஃபியரெல்லோ லகார்டியாவும் நகர மன்றத் தலைவர் நியூபோல்ட் மாரிசும் அதை ஏலம் விடாமல், குறைந்த கட்டணத்தில் இசையும் நாடகமும் நடக்கும் சிட்டி சென்டராக மாற்றினார்கள். 1943 டிசம்பர் 11 அன்று, லகார்டியாவின் பிறந்தநாளில், அது திறக்கப்பட்டது. நகரத்தின் பெயர் தாங்கிய ஆப்பெராவும் பாலே குழுவும் வளர்ந்தது அந்தக் கூரையின் கீழ்தான். உலகப்போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. செலவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் கலைக்கு என்ன அவசரம் என்று எளிதாகக் கேட்டிருக்கலாம். புதிதாகக் காசு போட்டுக் கட்டாமல், கைவசம் சும்மா கிடந்ததைத் திறந்துவிட்டதால்தான் அந்த ஆண்டிலும் அது முடிந்தது.

இது அந்நிய நாட்டுச் சங்கதி, நமக்கு ஒட்டாது என்று எண்ண வேண்டியதில்லை. சென்னையின் விக்டோரியா பொதுக்கூடம் நகரசபை குத்தகைக்கு விட்ட நிலத்தில், பொதுமக்கள் திரட்டிய நன்கொடையில், 1888க்கும் 1890க்கும் இடையில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை மேடையேறிய இடம் அதுதான். நிலம் ஊருடையது, நாடகம் சபையுடையது என்ற ஏற்பாடு நம்மிடமே இருந்திருக்கிறது.

மீண்டும் பாப்பிடம் வருகிறேன். இடம் கொடுப்பது என்றால் என்ன, கொடுத்த கை எப்போது பிடுங்கும் கையாக மாறும் என்ற இரண்டையும் அவர் கதை காட்டுகிறது. 1954இல் கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் ஷேக்ஸ்பியர் பயிற்சிக் குழுவாக அவர் ஆரம்பித்தார். 1956இல் ஈஸ்ட் ரிவர் ஓரத்துத் திறந்தவெளி அரங்கிலும், 1957இல் பூங்காக்களிலும் இலவசமாக நாடகம் போட்டார். மேடையைச் சுமந்துவந்த வண்டி சென்ட்ரல் பூங்காவில் பழுதாகி நின்றது, நின்ற இடத்திலேயே நாடகம் நிலைத்தது என்று ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள். பூங்காத் துறை ஆணையராக இருந்தவர் ராபர்ட் மோசஸ். நகரத்தின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் கட்டிய, எதிர்த்துப் பேச எவரும் அஞ்சிய அதிகாரி. 1959இல் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: பார்வையாளரிடம் கட்டணம் வசூலித்து, ஒரு பங்கைத் துறைக்குக் கட்ட வேண்டும். மக்கள் உட்கார்ந்து புல் அழிகிறது, மண் அரிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பாப் மறுத்தார். கட்டணம் வைத்தால் யாருக்காக நாடகம் போடுகிறாரோ அவர்கள் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மேயர் ராபர்ட் வாக்னர் தம் ஆணையரை மீறத் துணியவில்லை. வழக்கு நீதிமன்றம் போயிற்று. முதலில் தோற்ற பாப் அந்த ஜூன் மாதமே மேல்முறையீட்டில் வென்றார். கட்டணம் வசூலித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை தன்னிச்சையானது என்று மேல்முறையீட்டு மன்றம் சொன்னது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோற்ற மோசஸே அதே இடத்தில் ஒரு நிலையான அரங்கு கட்ட நகரத்திடம் நிதி கேட்டார். நகரத்தின் பணமும், பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து டெலகோர்ட் அரங்கு எழுந்தது. 1962 ஜூனில் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தோடு அது திறந்தது. ஷைலக்காக நடித்தவர் ஜார்ஜ் சி. ஸ்காட். 60 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கோடையில் ஷேக்ஸ்பியர் இலவசம். காலையிலேயே பூங்காவில் பாய் விரித்து, புத்தகமும் சாப்பாட்டுப் பொட்டலமுமாக வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இரவு நாடகம் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். 8.5 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் அரங்கு மீண்டும் திறந்தது. புல்லுக்குக் கணக்குக் கேட்ட அதே துறையின் நிலத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. அரசு ஒரு முறை முட்டுக்கட்டை போட்டது என்பதற்காக அதன் உதவியே வேண்டாம் என்று பாப் ஒதுங்கியிருந்தால் இந்த அரங்கு இல்லை. நிபந்தனையை எதிர்த்தார், நிலத்தை விடவில்லை. அவருடைய தெளிவு அதில் இருக்கிறது.

கூரையை விட ரொக்கம் வசதியானதுதானே, தேவைக்கேற்பச் செலவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் ரொக்கம் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் உயிர் பிழைக்க வேண்டும். 1975இல் நியூயார்க் திவாலாகும் விளிம்பில் நின்றது. ஆசிரியர்கள், காவலர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டில் ஆண்டு மானியத்தை மட்டும் நம்பியிருந்த எவருக்கும் உறக்கம் இருந்திருக்காது. லஃபயெட் தெருக் கட்டடம் ஏற்கெனவே நகரத்தின் பெயரில் இருந்தது, வாடகை 1 டாலர்தான். மைக்கேல் பென்னட் என்ற நடன இயக்குநர், முகமறியாக் கூட்ட நடனக் கலைஞர்களை உட்காரவைத்து அவர்கள் வாழ்க்கையைப் பேசச் சொல்லிப் பதிவு செய்த நாடாக்களோடு பாப்பிடம் வந்திருந்தார். அதிலிருந்து என்ன பிறக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1974இலிருந்து மாதக்கணக்கில் அந்தக் கட்டடத்திலேயே ஒத்திகை. 1975 ஏப்ரலில் ‘எ கோரஸ் லைன்’ அங்கே மேடையேறி, ஜூலையில் பிராட்வேக்குப் போய், 1990 வரை 6,137 காட்சிகள் ஓடியது. அந்த வருமானம் பப்ளிக் தியேட்டரைப் பல ஆண்டுகள் தாங்கியது.

இந்த வெற்றியை என் வாதத்தின் தூணாக நிறுத்த எனக்கு விருப்பமில்லை. கலை மானியத்துக்காகப் பேசுபவர்கள் பலர் உடனே இப்படிப்பட்ட கணக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள்: ஒரு டாலர் போட்டால் இத்தனை டாலர் திரும்பும், உணவகத்துக்கு வருமானம், டாக்சிக்கு வருமானம் என்று. நாடகத்துக்குப் போகாதவர் அந்தப் பணத்தை ஊரில் வேறெங்காவது செலவிட்டிருப்பார் என்ற எளிய எதிர்வாதத்துக்கு அந்தக் கணக்கிடம் பதில் கிடையாது. அது மட்டுமல்ல, ‘எ கோரஸ் லைன்’ போன்ற ஒன்று ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வருவது. அதைக் காட்டி மானியம் கேட்டால், அப்படி ஒன்று வராத ஆண்டில் அடுத்த கேள்விக்கு என்ன சொல்வது? அந்த நிகழ்ச்சியில் நான் பார்ப்பது வேறு. முடிவு தெரியாத ஒன்றுக்கு மாதக்கணக்கில் இடம் கொடுக்க எந்த வணிக அரங்காலும் முடிந்திருக்காது. மாத வாடகை நெருக்காத இடத்தில்தான் தோற்பதற்கும் அவகாசம் இருக்கும்.

1987இல் புரூக்ளினில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரதம் 9 மணி நேர நாடகம். பாரிஸில் அவர் நடத்திய பழைய அரங்கைப் போன்ற ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. புரூக்ளின் இசைக்கழகத்தின் தலைவர் ஹார்வி லிக்டென்ஸ்டைன், 1904இல் கட்டி 1968இல் மூடிக் கிடந்த மஜெஸ்டிக் தியேட்டரைக் கண்டுபிடித்தார். நகரம் பணம் கொடுத்தது. உரிந்த சுண்ணாம்பையும் வெடித்த சுவரையும் பூசி மறைக்காமல் அப்படியே விட்டு, இருக்கையும் மேடையும் மட்டும் அமைத்தார்கள். மல்லிகா சாராபாய் திரௌபதியாக நின்றது அந்தச் சுவர்களுக்கு முன்னால்தான். நாடகம் முடிந்துபோனது, அரங்கு இன்றும் இருக்கிறது. அந்தப் பணம் ஒரே ஒரு நிகழ்ச்சிக்கான மானியமாகப் போயிருந்தால் மிஞ்சியிருப்பது விளம்பரத் தாள்கள் மட்டுமே.

குடிநீரும் வீடும் பள்ளியும் போதாத ஊரில் நாடகத்துக்குப் பணமா என்ற கேள்வியை ஏளனமாகத் தள்ளக் கூடாது. அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நியாயமான கோபத்தில் கேட்கிறார்கள். அளவை மட்டும் நினைவில் வைப்போம். நியூயார்க்கின் ஆண்டு பட்ஜெட் 11,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, விலங்குப் பூங்கா, நாடகம், இசை, நடனம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துக் கலாச்சாரத் துறைக்குப் போவது அதில் அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. அதை முழுவதும் நிறுத்தினாலும் வீட்டுப் பிரச்சினை தீராது. நூற்றுக்கணக்கான அரங்குகள் மட்டும் இருண்டுபோகும். 2023 இறுதியில் நகரம் நெருக்கடியைக் காரணம் காட்டி எல்லாத் துறைகளிலும் கைவைத்தபோது கலை அமைப்புகளுக்கும் வெட்டு விழுந்தது. 2024 ஜூனில் 5.3 கோடி டாலர் திரும்பக் கொடுக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் அடுத்த பருவத்துக்கு நடிகரை ஒப்பந்தம் செய்யலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு சிறு குழு எதைத் திட்டமிட முடியும்?

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. சொந்தக்காரன் நகரம் என்றால், ஒரு நாள் வாயை மூடு அல்லது வெளியே போ என்று சொல்லமாட்டானா? சொல்வான், சொல்லியிருக்கிறான். 1999இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நடந்த ‘சென்சேஷன்’ கண்காட்சியில் கிறிஸ் ஒஃபிலியின் கன்னி மரியாள் ஓவியத்தைக் கண்டு கொதித்த மேயர் ரூடி ஜூலியானி, நகரம் ஆண்டுதோறும் தரும் சுமார் 70 லட்சம் டாலரை நிறுத்த உத்தரவிட்டதோடு, கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லியும் வழக்குப் போட்டார். கொடுத்த இடமே மிரட்டும் கருவியானது. அந்த நவம்பரில் மத்திய நீதிபதி நீனா கெர்ஷன், கருத்துக்காகத் தண்டிக்க நிதியையும் குத்தகையையும் பயன்படுத்த அரசியல் சட்டம் இடம் தராது என்று தடை விதித்தார். இதை வைத்து, அரசிடம் வாங்கினால் இப்படித்தான் என்று முடிவுகட்டுபவர்கள் 2017ஐயும் பார்க்க வேண்டும். டெலகோர்ட்டில் ஜூலியஸ் சீசர் நாடகம். கொல்லப்படும் சீசர் அன்றைய அதிபர் டிரம்பின் சாயலில் இருந்தார். கூச்சல் எழுந்தது. டெல்டா விமான நிறுவனம் பப்ளிக் தியேட்டருக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது, பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த நாடகத்திலிருந்து ஒதுங்கியது. நகரம் ஒதுங்கவில்லை, நாடகம் குறித்த நாள் வரை நடந்தது. விலகிய நிறுவனம் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நகரம் அப்படி விலகினால் அதை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். அதனால்தான் குத்தகைப் பத்திரத்தின் சொற்கள் மானியத் தொகையைவிட முக்கியம் என்கிறேன். நீண்ட காலக் குத்தகை வேண்டும்; இருக்கையில் எத்தனை மலிவு அல்லது இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை காட்சி என்று நிபந்தனை வைக்கட்டும். அரங்குக்குள் யார் வர முடிகிறது என்பது நகரத்தின் கவலை. மேடையில் யார் என்ன பேசுகிறார் என்பது அதன் கவலை ஆகாது.

என்னால் முழுதாக விடை சொல்ல முடியாத எதிர்ப்பு ஒன்று உண்டு. கட்டடம் கிடைத்தவர்கள் பெரியவர்கள். நகரத்தின் நிலத்தில் இருக்கும் சில பத்து நிறுவனங்களுக்கு மின்சாரம், பாதுகாப்பு, பராமரிப்பு என்று நகரம் நேரடியாகச் செலவிடுகிறது. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் தனி நிதி ஒன்றுக்கு விண்ணப்பித்து, துறை சார்ந்தோர் குழு படித்து மதிப்பிட்ட பிறகு பங்கு பெறுகின்றன. அந்தப் பங்கு பெரும்பாலும் சிறியது. கட்டுமான நிதி கடன் பத்திரத்திலிருந்து வருவதால் கூரைக்கும் விளக்குக் கருவிக்கும் செலவிடலாம், நடிகர் சம்பளத்துக்குத் தொட முடியாது. அதாவது கூரை உள்ளவருக்கு மேலும் ஒரு கூரை. 99 இருக்கைக்கு மேல் இல்லாத கூடத்தை வாரக்கணக்கில் வாடகைக்குப் பிடிக்கும் குழுவுக்கு ஒன்றுமில்லை. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். இதற்கும் மருந்து இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில். கிழக்கு 4ஆம் தெருவில் நகரப் புனரமைப்புக்காகக் கையகப்படுத்திய கட்டடங்களில் ஆண்டுக்கணக்கில் நாடகக் குழுக்கள் நிச்சயமில்லாமல் குடியிருந்தன. எலன் ஸ்டூவர்ட் 1961இல் ஒரு நிலவறையில் தொடங்கிய லா மாமா அந்தத் தெருவில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் கட்டட விதிகளைக் காட்டி அவரை இடம் இடமாகத் துரத்தியதும் இதே நகரம். 2000களின் நடுவில் அந்தத் தெருவின் சில கட்டடங்களை நகரம் தலா 1 டாலருக்குக் கலை அமைப்புகளுக்கே விற்றது. 42ஆம் தெருவில் 1990இல் நகரமும் மாநிலமும் சேர்ந்து 7 பழைய அரங்குகளை ஒரு லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் கொடுத்தன. வணிக அரங்குகளிலிருந்து வரும் வாடகை 1995இல் திறந்த குழந்தைகள் அரங்கைத் தாங்க உதவுகிறது. 2000இல் ஒத்திகைக் கூடங்களுக்கென்றே ஒரு தனிக் கட்டடமும் எழுந்தது.

ஒத்திகைக் கூடங்கள் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது, ஏனென்றால் ரசிகர் காணாத அந்த அறையில்தான் நாடகத்தின் பெரும்பகுதி நடக்கிறது. தரையில் வண்ண டேப் ஒட்டுவார்கள்: இங்கே கதவு, இங்கே மாடிப்படி, இங்கே அம்மாவின் கட்டில். நடிகர்களின் கால் அந்தக் கோடுகளைப் பழகப் பழகத்தான் வீடு உண்டாகிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த அறையில் 6 மணிக்கு அடுத்த குழு வாசலில் நிற்கும். அதற்குள் முழங்காலிட்டு டேப்பை உரித்தெடுத்துவிட வேண்டும், மறுநாள் வேறோர் அறையில் அளந்து மீண்டும் ஒட்ட வேண்டும். ஒரு சிறு குழுவிடம் நகரத்தால் என்ன ஆக வேண்டும் என்று கேட்டால் மானியத் தொகையைச் சொல்லக்கூடும். கூடவே, நான்கு வாரத்துக்கு ஒரே தரை வேண்டும், இரவில் பூட்டிவிட்டுப் போனால் காலையில் கோடுகள் அப்படியே இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் கூடங்கள் எத்தனை, மாலையில் ஆளில்லாத நகர அலுவலகங்களின் மேல்தளங்கள் எத்தனை என்று ஓர் அதிகாரி பட்டியல் எடுத்தால், அந்தத் தரைகளில் பல ஏற்கெனவே நகரத்துக்குச் சொந்தமாகவே இருக்கும்.